ஹகோனேயில் ஒரு ராத்திரி ரியோகான்: மாமியார் சுத்த சைவம், சமாளிக்க முடியுமா?

மழைத்தூறல் கேட்டது:

வணக்கம். யோகோஹாமாவுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நவம்பர் நடுவில் மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். அவர்களை ஒரு ராத்திரியாவது ரியோகானில், அதாவது ஜப்பானியப் பழைய பாணி விடுதியில், தங்க வைக்க வேண்டும் என்று என் கணவருக்கு ரொம்ப நாள் ஆசை. தாதாமி பாய், யுகாதா என்ற பருத்தி அங்கி, வெந்நீர் ஊற்று, ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும் கைசேகி சாப்பாடு, எல்லாம் சேர்த்து. இலை நிறம் மாறும் சமயம், பக்கத்திலும் இருக்கிறது என்பதால் ஹகோனே என்று முடிவாகிவிட்டது.

குழப்பம் இனிமேல்தான். மாமியார் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. மாமனார் மீன், கோழி சாப்பிடுவார், மாட்டிறைச்சி தொட மாட்டார். இரண்டு பேருக்கும் முட்டி வலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. பொதுக்குளியலில் உடுப்பே இல்லாமல் இறங்க வேண்டும் என்பதை மாமியாரிடம் இன்னும் சொல்லவே இல்லை.

பார்த்து வைத்திருக்கும் இடத்தில் தலைக்கு 32,000 யென். நாலு பேருக்கு 1,28,000. அறைக்கு என்று நினைத்து முதலில் சந்தோஷப்பட்டு, அப்புறம் சின்ன எழுத்தைப் படித்து உட்கார்ந்துவிட்டேன். அதோடு சாப்பாடு ஆறு மணிக்கு என்கிறார்கள். நாங்கள் ஓவாகுதானி எரிமலைப் பள்ளத்தாக்கு, ஆஷி ஏரி எல்லாம் பார்த்துவிட்டு எட்டு மணி போல வரலாம் என்று இருந்தோம். ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டு வெறும் அறை மட்டும் எடுக்கலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளம்:

தாராளமாக விடலாம். ‘சுதோமாரி’ என்று தேடுங்கள், சாப்பாடு இல்லாத விலை வரும், நன்றாகக் குறையும்.

நான் ஒரே ஒரு முறை கைசேகி சாப்பிட்டேன். வந்ததில் பாதி என்னவென்றே தெரியவில்லை. தட்டு பெரிசு, உள்ளே இருப்பது கட்டைவிரல் அளவு. ராத்திரி பத்து மணிக்கு யுகாதாவோடு கோன்பினி (ராத்திரியும் திறந்திருக்கும் சின்னக் கடை) தேடிப் போய் ரெண்டு ஒனிகிரி, அதாவது சோற்று உருண்டை, வாங்கித் தின்ற பிறகுதான் தூக்கம் வந்தது. இதில் சைவக்காரரைக் கூட்டிப் போய் 32,000 யென் கொடுப்பது வீண். ஹகோனே யுமோட்டோவில் பகல் குளியல் மட்டும் போட்டுவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து சாம்பார் வையுங்கள்.

பழையகுடை:

தண்டவாளம் சொல்வது புரிகிறது. ஆனால் ரியோகானுக்குப் போய்ச் சாப்பாட்டை வேண்டாம் என்பது, கல்யாணத்துக்குப் போய் மண்டபத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவது மாதிரி.

ஒசாகாவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். வீட்டம்மா சைவம், நான் எதையும் தின்பவன். இதுவரை ஒன்பது ரியோகான் ஆகியிருக்கும். அதில் இரண்டில் மானம் போயிருக்கிறது. அந்த இரண்டும் உங்களுக்கு உபயோகப்படும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் மானக்கேடு, நேரம். நீங்கள் பார்த்த விலையில் ‘இப்பாகு நிஷோகு’ என்று போட்டிருப்பார்கள். ஒரு ராத்திரி, இரண்டு வேளை சாப்பாடு. தலைக்கு விலை வைப்பதே அதனால்தான், அறைக்கு என்றால் ஒரு இலைக்கும் நாலு இலைக்கும் எப்படிக் கணக்குப் போடுவார்கள்? மூன்று மணிக்குப் போய் இறங்கலாம், ஆறு அல்லது ஆறரைக்குச் சாப்பாடு, காலை பத்து மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். பெரும்பாலான இடங்களில் இதுதான் கணக்கு. முதல் தட்டு ஆறு மணிக்கு வரவேண்டும் என்றால் எதை எப்போது அடுப்பில் ஏற்றுவது என்று சமையற்கட்டில் மதியமே தீர்மானமாகிவிடும்.

எங்கள் முதல் தடவை மலைக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டு ஏழே முக்காலுக்குப் போய் நின்றோம். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. நகாய்-சான், அதாவது அறைக்குச் சாப்பாடு கொண்டுவரும் அம்மா, சிரித்த முகத்தோடு மண்டியிட்டு மண்டியிட்டு நாற்பது நிமிடத்தில் அத்தனை தட்டையும் அடுக்கிவிட்டுப் போனார். சூப் முடியுமுன் மீன், மீன் முடியுமுன் சோறு. பக்கத்து அறையில் எல்லாம் படுத்துவிட்டார்கள். அன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று இன்றைக்கு வரை எனக்கு ஞாபகம் இல்லை.

அதனால் ஓவாகுதானியையும் ஏரியையும் மறுநாளைக்குத் தள்ளுங்கள். பத்து மணிக்கு வெளியே வந்த பிறகு முழுப்பகல் கையில் இருக்கிறது. முதல் நாள் ஒடவாராவில் மாறி, ஹகோனே யுமோட்டோவிலிருந்து மலை ரயிலில் கோரா வரை ஏறுவதே போதும். வழியில் மூன்று இடத்தில் ரயில் நின்று, டிரைவரும் கண்டக்டரும் பெட்டியின் முனை மாற்றிக்கொண்டு, வந்த திசைக்கே திரும்பி அடுத்த மேட்டில் ஏறும். மாமனாருக்கு அது ஒன்றே பொழுதுபோக்கு.

இரண்டாவது மானக்கேடு, தாஷி. இதைக் கவனமாகப் படியுங்கள், மாமியாருக்கானது.

படிவத்தில் ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதாதீர்கள். கறியும் மீன் துண்டும் இல்லாவிட்டால் சைவம் என்று நினைக்கிற சமையற்கட்டுகள் நிறைய. தாஷி என்பது கொம்பு கடற்பாசியையும், புகை போட்டு மரக்கட்டை மாதிரி உலர்த்திய சூரை மீனைச் சீவிய சீவலையும் சேர்த்து எடுக்கும் சாறு. தெளிவான சூப்பில் இருப்பது தெரிந்துவிடும். வெந்த முள்ளங்கியிலும் கீரையிலும் தொட்டுக்கொள்ளும் சாஸிலும் மிசோ (புளித்த சோயா விழுது) சூப்பிலும் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

நாங்கள் போன ஓரிடத்தில் வீட்டம்மா முன்னால் பொரித்த தோஃபு வந்தது. மேலே மெல்லிசாக, பழுப்பு நிறத்தில் ஏதோ தூவியிருந்தது. சூட்டில் ஆவி பட்டு அது உயிர் வந்தது மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. “இது என்ன பூங்க?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அதை மட்டும் வைத்துவிடு என்றேன். முன்னால் காலி செய்த மூன்று தட்டிலும் அதே மீன்தான் சாறாக இருந்திருக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை. (அவள் இந்தப் பக்கம் வருவதில்லை.)

ஆகவே பணம் கட்டுமுன் போனில் பேசுங்கள். கணவரின் ஆபீசில் யாராவது ஜப்பானியர் பேசினால் இன்னும் நல்லது. சொல்ல வேண்டிய வாக்கியம் இது: “நிகு மோ, சகானா மோ, தமாகோ மோ, கட்சுவோ தாஷி மோ தாபெராரெமாசென்.” இறைச்சி, மீன், முட்டை, சூரைமீன் சாறு எதுவும் சாப்பிட முடியாது என்று அர்த்தம். கொம்புவும் உலர்ந்த ஷிதாகே காளானும் போட்டுச் சாறு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது என்று நேராகச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் மேல் கோபப்படாதீர்கள், சரி சரி என்று தலையாட்டிவிட்டு அன்றைக்கு மீன்சாறு ஊற்றுகிறவர்களைவிட அவர்கள் எவ்வளவோ மேல். மாமனாருக்கு ‘கியூனிகு’, அதாவது மாட்டிறைச்சி, வேண்டாம் என்றால் போதும். அதற்குப் பதில் மீனோ கோழியோ வைப்பது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. எல்லாவற்றையும் குறைந்தது ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள், போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி அந்தக் கட்டைவிரல் அளவு சாப்பாட்டுக்கு வருகிறேன்.

உட்கார்ந்ததும் ‘ஒஷினாகாகி’ என்று ஒரு தாள் இருக்கும், அன்றைய தட்டுகளின் வரிசை. பல இடங்களில் மேலே பழைய மாதப் பெயர் எழுதியிருக்கும். நவம்பருக்கு ‘ஷிமோட்சுகி’, உறைபனி மாதம். ஊர்ப்பெயரைவிட இந்த மாதப் பெயர்தான் முக்கியம். ஒரு பொருளுக்கு மூன்று பருவம் வைத்திருக்கிறார்கள்: இப்போதுதான் வந்து இறங்குவது ‘ஹஷிரி’, நடுப்பருவம் ‘ஷுன்’, விடைபெறுவது ‘நகோரி’. நவம்பர் நடுவில் மட்சுதாகே காளான் விடைபெறும். ஜப்பான் கடல் பக்கத்து நண்டு 6ஆம் தேதிதான் பிடிக்க ஆரம்பித்திருப்பார்கள். ஒரே சாப்பாட்டில் ஒன்றை வழியனுப்பி இன்னொன்றை வரவேற்கலாம்.

எனக்குப் பிடித்தது ‘ஃபுகியோசே’. காற்று அடித்துக் கூட்டிச் சேர்த்தது என்று பொருள். ஒரு மூங்கில் தட்டில், வாசலில் சருகு ஒதுங்கிக் கிடப்பது மாதிரி இருக்கும். சருகு என்று நினைத்து எடுத்தால் கிங்கோ இலை வடிவில் வெட்டிப் பொரித்த சர்க்கரைவள்ளி. சிவப்பு மேப்பிள் இலை, கேரட். பைன் ஊசி மாதிரி ஜோடியாக ஒட்டிக் கிடப்பது பொரித்த சோபா நூடுல்ஸ். நடுவே பச்சையாக நாலு கிங்கோ கொட்டை, அது மட்டும் நிஜ பைன் ஊசியில் கோத்திருக்கும், அந்த ஊசியைத் தின்றுவிடாதீர்கள். நான் தின்று பார்த்தேன். மாமியாருக்கு இதில் முக்கால்வாசி அப்படியே ஒத்துவரும், எந்த எண்ணெய் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சூப் அரக்குப் பூசிய மூடிக் கிண்ணத்தில் வரும். சூட்டில் மூடி இறுகிக்கொள்ளும். பலம் போட்டு இழுத்தால் மேலெல்லாம் கொட்டும். இடது கையால் கிண்ணத்தின் விளிம்பை இரண்டு பக்கமும் லேசாக அமுக்குங்கள், ‘ப்ச்’ என்று காற்றுப் போகும், மூடி தானாக வரும். உடனே குடிக்காதீர்கள், யூசு என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் தோல் சின்னதாக ஒரு சீவல் மிதக்கும், அந்த வாசனைக்காகத்தான் மூடியே. மூடியின் உள்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், சில இடங்களில் படமெல்லாம் அங்கேதான் இருக்கும்.

சோறும் மிசோ சூப்பும் ஊறுகாயும் கடைசியில் வரும். அவை வந்தால் சாப்பாடு முடியப்போகிறது என்று அர்த்தம், அப்புறம் பழம்தான். சோறு எத்தனை தடவை கேட்டாலும் போடுவார்கள். தண்டவாளம், நீங்கள் வெட்கப்பட்டு ஒரு கிண்ணத்தோடு நிறுத்தியிருப்பீர்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். முட்டிக்கு ‘வாயோஷிட்சு’ அறை கேளுங்கள், கட்டிலும் இருக்கும், பாயும் இருக்கும். சாப்பிட நாற்காலி மேசை வேண்டும் என்றும் அதே போனில் சொல்லிவிடுங்கள். குளியலுக்கு ‘கஷிகிரி’ எடுத்தால் ஐம்பது நிமிடம் போல உங்களுக்கு மட்டும், சில இடங்களில் சும்மா, சில இடங்களில் சில ஆயிரம் யென். தண்ணீரில் இறங்குமுன் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும், துண்டு தண்ணீரில் படக்கூடாது. இரத்த அழுத்தம் இருந்தால் சாப்பிட்ட கையோடு இறங்க வேண்டாம். யுகாதாவில் இடது மடிப்பு மேலே வர வேண்டும். வலது மேலே வந்தால் அது பிணத்துக்குக் கட்டுவது, யாராவது ஓடி வந்து சரி செய்வார்கள். டிப்ஸ் கிடையாது. வெந்நீர் வரி என்று தலைக்கு 150 யென் போலத் தனியாகக் கேட்பார்கள், ஏமாற்றுகிறார்களோ என்று நினைக்காதீர்கள்.

மரச்செருப்பு:

பழையகுடை சொன்ன அந்தப் போன் பேச்சே வேண்டாம் என்றால் கோயா மலைக்குப் போங்கள். அங்கே கோயில்களே விடுதி, ‘ஷுகுபோ’ என்பார்கள். ஐம்பதுக்கும் மேல் இருக்கிறது. அங்கே போடுவது ஷோஜின் சாப்பாடு, பிக்குகளின் மரக்கறி. மீன்சாறு கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. அங்கேயும் முட்டை வேண்டாம் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

என் அம்மாவைக் கூட்டிப்போனேன். கால் வைத்த சிவப்பு அரக்குத் தட்டில், சின்ன மேசை மாதிரி, கொண்டுவந்து வைத்தார்கள். எள் தோஃபு என்று ஒன்று, பெயர்தான் தோஃபு, சோயாவே இல்லை. எள்ளை அரைத்துக் குட்ஸு என்ற கிழங்கு மாவோடு கிண்டி எடுத்தது. கரண்டி படும்போது கொஞ்சம் இழுக்கும், அப்புறம் வெண்ணெய் மாதிரி விடும். அம்மா அது என்ன மாவு என்று கேட்டு என்னை மொழிபெயர்க்க வைத்தே கொன்றுவிட்டார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மேலே 800 மீட்டர் உயரம், நவம்பரில் ராத்திரி பல் கிட்டித்துப்போகும். நிறைய இடங்களில் கழிப்பறை நடைபாதைக் கடைசியில். காலை ஆறு மணிவாக்கில் பூஜை, எழுந்திருக்க வேண்டும். அப்புறம் நீங்கள் யோகோஹாமா. ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் ஒசாகா, நம்பாவிலிருந்து நான்காய் ரயில், கடைசியில் கேபிள் கார். முட்டி வலிக்காரர்களுக்கு ஒரு பகல் முழுக்கப் பயணம்தான்.

மழைத்தூறல்:

மரச்செருப்பு அக்கா, கோயா மலை ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த முறை தூரம் ஒத்துவராது.

பழையகுடை அண்ணா, அந்த வாக்கியத்தை எழுதிவைத்துக்கொண்டு நானே போன் போட்டேன். பார்த்து வைத்திருந்த இடத்தில் ‘தாஷி நீக்க முடியாது, மன்னிக்கவும்’ என்று நாலு முறை மன்னிப்புக் கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டுச் சமையல்காரரையே கூப்பிட்டுவிட்டார்கள். அவர் “கொம்பு, ஷிதாகே, தைஜோபு” என்றார், பிரச்சினை இல்லை என்று அர்த்தம். தேன் பரவாயில்லையா என்று அவர் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தலைக்கு 29,000 யென், செவ்வாய்க்கிழமை என்பதால். புக் செய்துவிட்டேன்.

தண்டவாளம்:

போய் வந்து பசித்ததா இல்லையா என்று உண்மையைச் சொல்ல வேண்டும்.

மழைத்தூறல்:

போய் வந்தாயிற்று. பசிக்கவில்லை. மாமனார் மூன்று கிண்ணம் சோறு.

நாலு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். மாமியார் குளியலுக்குப் பாதத்தை மட்டும் நனைக்கிறேன் என்றுதான் வந்தார். நானும் அவரும் மட்டும்தான் என்று தெரிந்ததும் கழுத்து வரை இறங்கியவர், நேரமாகிவிட்டது என்று வெளியே மணி அடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. முட்டிக்கு இதமாக இருந்ததாம்.

சாப்பாட்டில் அவருக்கு மட்டும் தனித்தாள் அச்சடித்து வைத்திருந்தார்கள். எங்கள் சூப்பில் மீன் இருந்த இடத்தில் அவருடையதில் யுபா, சோயாப்பாலின் ஆடையைச் சுருட்டியது. எங்களுக்கு மீன் சுட்டு வந்தபோது அவருக்கு ஒரு எபி-இமோ வந்தது, சேப்பங்கிழங்கு வகைதான், மிசோ தடவிச் சுட்டு. இதை நாமும் சுடலாமே, ஏன் எப்போதும் வறுக்கிறோம் என்று கணவரிடம் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். மூடி திறக்கும் வித்தையை நான் காட்டினேன், இரண்டு பேரும் அதைத் திரும்பத் திரும்ப மூடித் திறந்துகொண்டிருந்தார்கள். எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். காலையில் வந்த நட்டோவை, அதாவது புளிக்க வைத்த சோயாவை, மாமியார் ஜன்னல் பக்கம் தள்ளி வைத்துவிட்டார்.

ஆனால் ஒன்று மட்டும் நீங்கள் யாருமே சொல்லவில்லை. முதல் நாள் சாயங்காலம் இடதுபக்கம் ஆண்கள் குளியல், நீலத் திரை. மாமனார் இடது என்று மனதில் வைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் தனியாக இறங்கிப் போயிருக்கிறார். ராத்திரியோடு ராத்திரியாகத் திரையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்! நல்லவேளை, உள்ளே இருந்து ஒரு பாட்டி வெளியே வந்துகொண்டிருந்தாராம். அவர் கையைப் பிடித்துத் திருப்பி வலதுபக்கம் அனுப்பி வைத்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் அந்தப் பாட்டி எங்களைப் பார்த்து வணங்கினார். ஏன் என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார், மாமனார் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பழையகுடை:

அது என் தப்புதான். இரண்டு குளத்தையும் எல்லாரும் அனுபவிக்கட்டும் என்று விடிவதற்குள் மாற்றுவார்கள், எழுத மறந்தேன். என் ஒன்பது ரியோகானில் மானம் போனது இரண்டில் என்றேன். மூன்று.